மூச்சுப் பயிற்சிக்கு நன்றி. இனிச் சுமையைப் பற்றிப் பேசுவோமா?

இலங்கை மலையகப் பாடசாலைகளை நிர்வகிக்கும் கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய, ஊவா மாகாணங்களின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் கோட்டக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் அதிபர்களுக்கும் வணக்கம்.

அண்மையில் எங்கள் வலயத்தில் ஆசிரியர்களுக்கான மன அழுத்த முகாமைத்துவச் செயலமர்வு ஒன்று நடந்தது. நல்ல எண்ணத்தோடு ஒழுங்கு செய்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வந்த வளவாளரும் கெட்டிக்காரர். கண்ணை மூடி மூச்சை எண்ணச் சொன்னார், தோளைத் தளர்த்தச் சொன்னார், தூக்கத்தின் அருமையைச் சொன்னார். எல்லாம் சரியான விஷயங்கள்தாம். ஆனால் அது சனிக்கிழமை. வராதவர்கள் அதிபர் ஊடாகக் காரணம் எழுதித் தர வேண்டும் என்ற செய்தி முதல் நாள் இரவுதான் வட்ஸ்அப்பில் வந்தது. முடியும் தறுவாயில் இன்னொன்றும் சொன்னார்கள்: போனவர்கள் தத்தம் பாடசாலையில் இதே பயிற்சியை நடத்தி, படங்களோடு ஒரு வாரத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டுமாம். பின்வரிசையில் இருந்த நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அந்தச் சிரிப்பை விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

பணிச்சோர்வு என்று அன்று நிறையப் பேசினார்கள். அது யாருடைய வேலையால் வருகிறது என்பதைப் பேச நேரம் போதவில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. தொழில் சார்ந்த ஒரு நிலையாகவே வைத்திருக்கிறது. வேலைத்தளத்தில் நெடுநாள் நீடித்து, சரிவரக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவு என்பது அவர்கள் தரும் விளக்கம். மூன்று அடையாளங்களும் சொல்கிறார்கள். உடம்பிலும் மனதிலும் பலம் வற்றிப்போவது. செய்யும் வேலையிலிருந்து மனம் விலகி, அதன்மேல் கசப்பு வளர்வது. எதைச் செய்தாலும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம் ஒட்டிக்கொள்வது.

முதலாவதை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். டயகமவுக்கும் பொகவந்தலாவைக்கும் உள்ளே, தோட்டப் பிரிவுகளில் இருக்கும் டிவிஷன் பாடசாலைகளுக்கு ஐந்தரை பஸ்ஸைப் பிடித்து, சந்தியில் இறங்கி, மழையில் தோட்டத்துப் பாதையில் ஏறி வருகிற டீச்சர் களைத்துத்தான் இருப்பார். அந்தக் களைப்பு கண்ணுக்குத் தெரியும். எனக்குப் பயம் தருவது இரண்டாவது. பத்து வருடத்துக்கு முன் பிள்ளைகளின் பெயரோடு அவர்கள் தாத்தா பெயரும் சொன்ன ஓர் ஆசிரியர், இப்போது ஓய்வறையில் உட்கார்ந்து "இதுகளுக்குப் படிப்பிச்சு என்ன ஆகப் போகுது" என்கிறார். அவர் கெட்டுப்போகவில்லை. அப்படிச் சொல்லாவிட்டால் அவரால் அடுத்த பாடவேளைக்கு எழுந்து போக முடியாது. மனம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எடுக்கும் தூரம் அது. மேற்பார்வைக்கு வரும் நீங்கள் அதை அர்ப்பணிப்பு இல்லாமை என்று சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போகிறீர்கள்.

அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மஸ்லாக் 1970களிலிருந்து இந்தத் துறையில் வேலை செய்தவர். அவரும் சக ஆய்வாளர் மைக்கல் லெய்ட்டரும் ஆறு இடங்களைக் காட்டுகிறார்கள்: வேலையின் அளவு, அதன்மீது நமக்குள்ள பிடி, கிடைக்கும் மதிப்பும் ஊதியமும், உடன் வேலை செய்வோருடனான உறவு, நியாயம், நாம் நம்பும் விழுமியம். இந்த ஆறில் எது பிசகினாலும் ஆள் சோர்ந்துபோவார். ஆறையும் பாருங்கள். ஒன்றுகூட ஆசிரியரின் மூச்சுக்குழாய்க்குள் இல்லை. எல்லாம் வேலை ஒழுங்கு செய்யப்பட்டிருக்கும் விதத்தில்தான் இருக்கின்றன. அந்த ஒழுங்கில் கணிசமான பங்கு உங்கள் கையெழுத்தில் இருக்கிறது.

வேலையின் அளவு என்றதும் பாடவேளைக் கணக்கைத் தூக்கிக் காட்டுவீர்கள். நாளுக்குச் சில பாடவேளை, ஒன்றரை மணிக்கு வீடு, வருடத்தில் மூன்று விடுமுறை; இதில் என்ன சுமை? கேட்பவர்கள் பலர். படிப்பிப்பது எங்களுக்குச் சுமை அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். படிப்பித்த நாளில் வரும் களைப்புக்கு ஒரு ருசி உண்டு. படிப்பிக்க முடியாமல் போன நாளின் களைப்புத்தான் வீடு வரை வருகிறது.

தரம் 8இல் நிற்கிறேன், பாடத்தின் நடுவில். கோட்டத்திலிருந்து ஓர் அழைப்பு: மாணவர் எண்ணிக்கை, ஆண் பெண் வாரியாக, பத்து மணிக்குள். அதே எண்ணிக்கையைப் போன வாரம் திட்டமிடல் கிளைக்குக் கொடுத்தோம், அதற்கு முந்திய வாரம் மதிய உணவுக்குக் கொடுத்தோம், சுகாதாரப் பிரிவுக்கு வேறொரு படிவத்தில் கொடுத்தோம். பிள்ளைகள் அதே பிள்ளைகள். டெங்கு சிரமதானமா, படம் அனுப்பு. வாசிப்பு மாதமா, படம் அனுப்பு. சிறுவர் தினமா, படம், கூடவே காணொளி. ஒரு கட்டத்தில் நிகழ்ச்சியே படத்துக்காக நடக்கத் தொடங்குகிறது. வாசிப்பு மாதத்தில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கமராவுக்குச் சிரிக்கும் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் படத்துக்கும் பாராட்டு வந்தது.

இதெல்லாம் பகலோடு முடிந்தாலும் பரவாயில்லை. வட்ஸ்அப் குழுக்கள் எத்தனை! வலயத்துக்கு ஒன்று, கோட்டத்துக்கு ஒன்று, பாடத்துக்கு ஒன்று, பாடசாலைக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று, புலமைப்பரிசிலுக்கு ஒன்று. இரவு ஒன்பது மணிக்கு "மிக அவசரம்" என்று ஒரு படிவம் வரும். எங்களில் பலருக்கு வீட்டுக்குள் சிக்னல் இல்லை. பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, வாசல் மேட்டுக்கு வந்து போனை உயர்த்திப் பிடித்து நிற்கிற ஆசிரியைகள் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பதில் போடாதவரின் பெயர் மறுநாள் காலை அதே குழுவில், எல்லோரும் பார்க்க, வரும்.

ஜெர்மனிய ஆய்வாளர் சபீன் சொனென்டாக் பல ஆண்டுகளாக ஒரு விஷயத்தை ஆராய்ந்து வருகிறார்: வேலை முடிந்தபின் மனம் வேலையிலிருந்து முழுதாக விலகினால்தான் செலவான பலம் திரும்புகிறது. உடம்பு வீட்டிலும் மனம் அலுவலகத்திலும் இருந்தால் எட்டு மணி நேரம் படுத்தாலும் ஓய்வு ஓய்வாகாது. பிரான்ஸ் நாடு 2017இல் வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வலயப் பணிப்பாளர் தன் குழுவில் இரண்டு வரி எழுதினால் போதும்.

அடுத்தது, வேலையின் மீதுள்ள பிடி. 1979இல் ரொபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் சொன்னதை எங்கள் வகுப்பறைக்குள் கொண்டுவந்து பார்க்கிறேன். வேலை கூடுதலாக இருக்கும்போது, அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கவும் விடாததே ஆளை அதிகம் தேய்க்கிறது என்பது அவர் கருத்து. தரம் 6க்கு வரும் பிள்ளைகளில் சிலர் இன்னும் எழுத்துக் கூட்டியே வாசிக்கிறார்கள். கொரோனா முடக்கம், 2021இல் ஜூலை முதல் ஒக்டோபர் வரை நாங்கள் நடத்திய சம்பளப் போராட்டம், 2022இன் எரிபொருள் தட்டுப்பாடு, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல். இந்தப் பிள்ளைகளின் பள்ளிக் காலம் ஓட்டை விழுந்த காலம். அவர்களோடு ஒரு தவணை உட்கார்ந்து வாசிக்கப் பழக்கினால் மற்றதெல்லாம் பின்னால் வரும் என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும். ஆனால் பாடத்திட்டம் எத்தனை வீதம் முடிந்தது என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். ஆகவே வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பத்தாவது அலகு நடத்தப்படுகிறது, பாடக்குறிப்பில் சரி அடையாளம் விழுகிறது, எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொய்யில் எல்லோரும் கையெழுத்திடுகிறோம். தான் நம்பாததைத் தினமும் செய்வது எவ்வளவு களைப்பு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்களில் பலர் ஆசிரியராக இருந்து வந்தவர்கள்.

பிள்ளைகளின் துயரம் இன்னொரு சுமை. அதற்குப் படிவம் இல்லாததால் யார் கணக்கிலும் வருவதில்லை. அம்மா குவைத்தில், அப்பா கொழும்பில் கடையில், பாட்டியோடு இருக்கிற பிள்ளை. தம்பிக்குச் சோறு ஆக்கிவிட்டு வந்து முதல் பாடத்திலேயே தூங்கிப்போகிற பிள்ளை. டித்வாவுக்குப் பிறகு மழை கொஞ்சம் பலத்தாலே ஜன்னலைப் பார்க்கிற பிள்ளை. அந்த நாட்களில் மலைநாட்டில் பாடசாலைகள் பல இடம்பெயர்ந்தவர்களின் தங்குமிடங்களாயின. வகுப்பறையில் படிப்பித்தவர்களும் அதே வகுப்பறையில் பாய் விரித்துப் படுத்தவர்களும் ஒரே தோட்டத்துக்காரர்கள். டீச்சரின் வீட்டுச் சுவரிலும் வெடிப்பு விழுந்திருந்தது. பிறகு பாடசாலை திறந்ததும் பிள்ளைகளுக்கு உளசமூக ஆதரவு வழங்குங்கள் என்று எங்களுக்கு வழிகாட்டல் வந்தது. வழங்கினோம். எங்களிடம் யாராவது "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கலாம்.

இங்கே மலையக ஆசிரியர்களுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும், வெளியிலிருந்து வரும் வளவாளர்களுக்கு அது தெரிய நியாயமில்லை. எங்களில் பெரும்பாலோர் கொழுந்தெடுத்த கைகளின் பிள்ளைகள். என் அம்மா பேருக்கு 18 கிலோ என்றால் 18 கிலோ எடுத்துத்தான் மலையிலிருந்து இறங்குவார், குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. அட்டைக்கடியும் கூடையின் தலைக்கயிறு அழுத்திய தழும்பும் அவர் உடம்பில் இன்னும் இருக்கின்றன. அவரிடம் போய் எனக்குக் களைப்பாக இருக்கிறது, வேலைக்குப் போகவே மனமில்லை என்றால், "நெழல்ல நிக்கிற வேலைதானே புள்ள, அதுக்குப் போயா?" என்கிறார். கோபத்தில் சொல்வதில்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்கிறார். அதற்குமேல் நான் வாய் திறப்பதில்லை. லயத்திலிருந்து முதலில் படித்து வந்தவர், மாதச் சம்பளக்காரர், தங்கையின் கல்யாணத்துக்கும் தம்பியின் வெளிநாட்டு வேலை ஏஜென்சி காசுக்கும் கடன் எடுத்துக் கொடுத்தவர் தளர்ந்துபோகலாமா? தளர்ந்ததை மறைப்பதிலேயே மிச்சப் பலமும் போகிறது. விடுமுறை எடுத்தால் பக்கத்து வகுப்பு டீச்சருக்கு ரிலீஃப், அதாவது வராதவரின் பாடவேளை, விழும் என்று காய்ச்சலோடு வருகிறவர்களும் இப்படிப்பட்டவர்கள்தாம்.

தோட்டத்துக்குத் தெரிந்த ஒரு விஷயம் கல்வித் திணைக்களத்துக்குத் தெரியவில்லையே என்று நான் நினைப்பதுண்டு. தேயிலைச் செடியை மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறார்கள், அதாவது கிளைகளை வெட்டிக் குறைக்கிறார்கள். வெட்டுவதற்கு முன் வேரில் போதிய மாச்சத்து இருக்கிறதா என்று அயடீன் தடவிப் பார்க்கும் முறை உண்டு. போதாது என்றால் அந்த மலையில் கொழுந்தெடுப்பதைச் சில காலம் நிறுத்தி, செடியை விட்டுவைப்பார்கள். இலாபம் ஒன்றையே பார்க்கும் கம்பனிகூட வேரைப் பார்க்காமல் கத்தி வைப்பதில்லை. ஆசிரியரிடம் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்கும் வழக்கம் உங்கள் எந்த மேற்பார்வைப் படிவத்திலும் இல்லை.

ஒவ்வோர் ஆசிரியர் தினத்திலும் மேடையில் ஒரு வரி தொங்கும்: ஆசிரியப் பணி அறப்பணி, அதற்கே உன்னை அர்ப்பணி. எனக்கு அந்த வரியோடு நெடுநாள் பிணக்கு. அறப்பணி என்று சொன்னதும் சம்பளம் பேசுவது அசிங்கமாகிறது, நேரம் பேசுவது சுயநலமாகிறது. பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களாக எடுக்கப்பட்டவர்கள் மாதம் 10,000 ரூபாய் கொடுப்பனவில், முழு ஆசிரியரின் நேரசூசியைச் சுமந்து, ஆண்டுக்கணக்கில் நிரந்தர நியமனத்துக்குக் காத்திருந்தார்கள். அவர்களும் இந்த வரியின் கீழேதான் உட்கார்ந்து பூங்கொத்து வாங்கினார்கள். போட்ட உழைப்புக்கும் திரும்பி வந்ததற்கும் இடையிலுள்ள பள்ளம் உடல்நலத்தையே பாதிக்கும் என்று சமூகவியலாளர் யோகானஸ் சீக்ரிஸ்ட் 1996இல் எழுதினார். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமான ஐ.எல்.ஓவும் யுனெஸ்கோவும் 1966இலேயே ஆசிரியர் அந்தஸ்து பற்றிய பரிந்துரையில், ஆசிரியரின் வேலை நேரத்தை ஆசிரியர் அமைப்புகளோடு கலந்து பேசித் தீர்மானிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கின்றன. அர்ப்பணிப்பு பற்றிய பேச்சு அதற்கு மாற்றாகாது.

சம்பளம் உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். வெற்றிடங்கள், இடமாற்றக் கொள்கை, பாடத்திட்டம், இவையும் பெரும்பாலும் மேலே. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆள் போடுங்கள் என்று இந்த மடலில் கேட்டு என்ன பயன்? உங்கள் மேசையிலேயே முடியக்கூடியவற்றை மட்டும் கேட்கிறேன்.

மாலை ஐந்து மணிக்குப் பிறகும் ஞாயிறு, போயா (பௌர்ணமி) நாட்களிலும் குழுக்களில் கடமைச் செய்தி வேண்டாம். மண்சரிவு எச்சரிக்கை, பாடசாலை மூடல், பிள்ளை ஒருவருக்கு ஆபத்து போன்றவை தவிர. உண்மையான அவசரம் என்றால் அதிபருக்கு அழைப்பு எடுங்கள். எல்லாக் கிளைகளும் ஒரே மாணவர் தரவைப் பயன்படுத்தட்டும்; தவணைக்கு ஒருமுறை நாங்கள் நிரப்பித் தருகிறோம், அதற்குப்பின் ஒரு கிளை இன்னொரு கிளையிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாமே. புதிதாக ஓர் அறிக்கை கேட்கும் ஒவ்வொரு தடவையும் பழையது ஒன்றை நிறுத்துங்கள். இந்தக் கடைசி ஒன்றை மட்டும் செய்தாலே பாதிப் பாரம் இறங்கும்.

படம் கேட்பதை விட்டுவிட்டு நேரில் வாருங்கள். வந்தால் முதல் பத்து நிமிடம் பதிவுப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். ஓய்வறையில் ஒரு பிளேன்டீ குடித்தபடி, எது முடியாமல் இருக்கிறது என்று கேளுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கள் பாடசாலைக்கு முன்பு வந்துகொண்டிருந்த ஆசிரிய ஆலோசகர் ஒருவர் அப்படித்தான் செய்வார். அவர் வரும் நாளில் யாரும் விடுமுறை போட்டதில்லை.

அதிபர்களிடம் ஒன்று. நீங்களும் இடையில் நசுங்குகிறவர்கள்தாம், தெரிகிறது. ஆனாலும் ரிலீஃப் பாடத்தை எப்போதும் மறுக்கத் தெரியாத அதே மூன்று பேருக்குப் போடுவதை நிறுத்தலாம். அநேகமாக அவர்கள் இளைய ஆசிரியைகள். விளையாட்டுப் போட்டி, தமிழ்த் தினம், பரிசளிப்பு என்று எது வந்தாலும் அவர்களே. நியாயம் என்று மஸ்லாக் சொன்னது வெளிநாட்டுத் தத்துவம் ஒன்றுமில்லை, உங்கள் ரிலீஃப் கொப்பியைப் புரட்டினால் தெரியும்.

சக ஆசிரியர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் சில வரி. நிர்வாகம் மாறும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. மூச்சுப் பயிற்சியை நான் கேலி செய்யவில்லை. மெதுவாக மூச்சு விட்டால் துடிப்பு அடங்குகிறது, வகுப்புக்குள் போகுமுன் அது கைகொடுக்கிறது. கடமைக் குழுக்களின் ஒலியை இரவில் அணைத்துவிடுங்கள். விடைத்தாள் கட்டை ஞாயிற்றுக்கிழமை சமையலறை வரை கொண்டுவராதீர்கள். உரிய சுகவீன விடுமுறையை வெட்கப்படாமல் எடுங்கள். எல்லாவற்றையும்விட, ஓய்வறையில் ஒருவரிடமாவது வாயைத் திறந்து சொல்லுங்கள். பிள்ளை மேல் கையோ நாக்கோ நீள்கிறது என்று நீங்களே உணர்ந்தால் அது உங்கள் குணம் மாறியதன் அடையாளம் என்று எடுத்துக்கொள்ளாமல், சுமை எல்லை தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொண்டு உதவி தேடுங்கள்.

இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. விடுமுறை விட்டதும் மனம் லேசாகி, பாடசாலை தொடங்க முதல் நாள் மாலை மீண்டும் வயிற்றைப் பிசைந்தால் அது பெரும்பாலும் வேலை தந்த சோர்வு. விடுமுறையிலும் எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போகிறது, செத்துப்போகலாமா என்று நினைப்பு வருகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு. அரசாங்க வைத்தியசாலை மனநல கிளினிக்கில் காசு கேட்க மாட்டார்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து கோயில் கோயிலாக ஏறி இறங்கி மாதங்களை வீணாக்காதீர்கள். கோயிலுக்கும் போங்கள், கிளினிக்குக்கும் போங்கள்.

அதிகாரிகளே, அடுத்த தவணை தொடங்குமுன் ஒரு வேலை செய்து பார்க்கலாம். கடந்த தவணையில் உங்கள் அலுவலகத்தின் ஒவ்வொரு கிளையும் பாடசாலைகளிடம் கேட்ட அறிக்கைகளையும் படிவங்களையும் ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். எது யாரால் வாசிக்கப்பட்டது, எதை வைத்து என்ன முடிவு எடுக்கப்பட்டது என்று எதிரே குறிக்கச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் வெறுமையாக இருப்பவற்றை வெட்டிவிடலாம். அந்தத் தாளைத் தயாரிக்கும் வேலையை மட்டும் தயவுசெய்து ஆசிரியர்களிடம் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்